நிற்பது எந்தக் கணக்கில் சேரும்?

சென்னைக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது, இங்கே ஜனங்கள் நின்றுகொண்டே காலை ஆகாரம் சாப்பிடுவதுதான். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு டிபன் கடை. நெஞ்சு உயரத்துக்கு வட்ட மேசைகள். வங்கி அதிகாரி மாதிரி ஒருவர், பக்கத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். எல்லோரும் நின்றபடியே பொங்கலை வழித்துச் சாப்பிட்டு, காப்பியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மலேசியாவில், ஈப்போவிலும் கிள்ளானிலும் இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தக் காட்சி லேசில் பிடிபடாது. நம் ஊரில் சாக்கடை ஓரத்துக் கடையானாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் ‘பசியாறுங்க’ என்போம். அங்கே கடையில் நிற்கிறவன் ஒருத்தன்தான், ரொட்டி போடுகிறவன். ஈப்போவில் பல வருஷம் அந்த ஒருத்தனாக இருந்தது நான்.

இங்கேயும் அதே வேலைதான். அடையாற்றில் மலேசியச் சாப்பாடு போடுகிற ஓர் உணவகத்தில் ரொட்டி சானாய் போடுகிறேன். வாடிக்கையாளர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக என்னை ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் கல், இடது கைப்பக்கம் மாவு வீசுகிற பளிங்கு மேடை, முதுகுக்குப் பின்னால் எண்ணெயில் ஊறுகிற மாவு உருண்டைகள், வலது பக்கம் சுவர். இரண்டு எட்டு வைத்தால் எதிலாவது இடித்துக்கொள்வேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடுகிறது. இந்தப் பக்கம் கல்லின் அனல் முகத்தில் அடிக்கிறது. பகல் முழுக்க நிற்கிறேன். ஆனால் எங்கேயும் போவதில்லை.

பக்கத்து அடுப்பில் குழம்பு வைக்கிறவர் காசி. மந்தைவெளிக்காரர், என் வயதுதான். முதல் நாள் காலையில் மரியாதைக்கு, “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க நைனா அன்னதானம் போட்றாங்கோ? சொல்லு, நானும் வரேன்” என்றார். காலை உணவு சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்று விளக்கினேன். “அதுக்கு நாஷ்டா துன்னியான்னு கேளு” என்றார். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் குணாளன் இல்லை, மலேசியா.

நான் இங்கே வந்தது என் மனைவிக்காக. வாணி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். துணி இறக்குமதி செய்கிற கம்பெனிக்குக் கணக்கு எழுத ஈப்போவுக்கு வந்தாள். அந்த ஆபீஸுக்குக் கீழே என் கடை. தினமும் ஒரு ரொட்டி, ஒரு தே தாரிக் டீ. ஒரு வருஷம் கழித்து அவள் மேசைக்கு மட்டும் நான் பணம் வாங்க மறுத்தேன், அதற்கடுத்த வருஷம் கல்யாணம். பிள்ளை இல்லை. அதற்கு நாங்கள் பழகிக்கொண்டபோது அவள் கால் வீங்க ஆரம்பித்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். குடியுரிமை இல்லாதவளுக்கு அங்கே ரத்தம் சுத்திகரிக்கிற செலவு எங்கள் கைக்கு எட்டவில்லை. அவள் அண்ணன் சேகர், “இங்க வந்துடுங்க மச்சான், மாடி காலியாத்தான் இருக்கு” என்றார். கடையை விற்றுவிட்டு, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினோம். வாரத்தில் மூன்று நாள் அவளைக் கொண்டுபோய் அந்த இயந்திரத்தில் மாட்டுவார்கள். நான்கு மணி நேரம் அவள் அசையாமல் படுத்திருப்பாள். அதே நேரம் நான் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்றிருப்பேன். திருவிழா, கல்யாணம், சாவு எதற்கும் ஊருக்குப் போகவில்லை. இயந்திரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிடும்போது எங்கே போவது?

ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த தண்ணீர் ஒரு சின்னச் செம்பு அளவுதான். குழம்பு, காப்பி எல்லாம் அதில் அடக்கம். சித்திரை வெயிலில் அவள் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்குக் கூசும். வேலையில் போய்க் குடித்துக்கொள்வேன்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று மருத்துவர் சொன்னதும் முதலில் சேகர் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. கொடுக்க முடியாது என்று விட்டார்கள். அடுத்து நான். ரத்தம் சேர்ந்தது, சிறுநீரகம் நன்றாக இருந்தது. சேராதது எடை மட்டும். கல்லுக்கு முன்னால் நின்று நின்று, மிஞ்சிய ஓரங்களைத் தின்று தின்று வளர்த்த உடம்பு. “இவ்வளவு எடையில எடுத்தா உங்களுக்கு ஆபத்து. குறைச்சுட்டு வாங்க, பாக்கலாம்” என்றார் மருத்துவர்.

அவர் அனுப்பி வைத்த உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். என் கைப்பேசியில் கலோரி கணக்கு வைக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். வயது, உயரம், எடை எல்லாம் தட்டினாள். அடுத்து ஒரு கேள்வி வந்தது: நாள் முழுக்க எவ்வளவு இயங்குகிறீர்கள்?

“என்ன வேலை சார் பண்றீங்க?”

“ரொட்டி போடுறேன்.”

“ஓ, பேக்கரியா?”

“இல்லைங்க, கல்லுல போடுற ரொட்டி. பரோட்டா மாதிரி.”

“நின்னுக்கிட்டா, உக்காந்தா?”

“உக்காந்துகிட்டு எப்படிம்மா ரொட்டி வீசுறது?”

அவள் சிரித்துவிட்டு, வீட்டில் போய் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். வீட்டில் பார்த்தேன். நான்கு படிகள் இருந்தன. செடண்டரி என்றால் உட்கார்ந்த வேலை. லைட்லி ஆக்டிவ் என்றால் பெரும்பாலும் நிற்கிற வேலை. ஆசிரியர், கடை விற்பனையாளர் என்று உதாரணம் போட்டிருந்தது. ஆக்டிவ் என்றால் நடந்து திரிகிற வேலை. அதற்கும் மேலே மூட்டை தூக்குகிறவர்கள். நான் எங்கே? நிற்கிறேன், நடக்கவில்லை. கால் இரண்டும் கல் மாதிரி ஊன்றிக் கிடக்கின்றன, தோளும் கையும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. வேலை முடிந்து சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டுகிறது. இதைப் போய் ஆசிரியர் வேலையோடு சேர்ப்பதா என்று ஆக்டிவ் என்பதைத் தொட்டேன். ஆப் தாராளமாக ஒரு கணக்கைக் கொடுத்தது. இவ்வளவு சாப்பிடலாம், எடை குறையும் என்றது.

வாணி சொன்னாள், “வெளியில ஒண்ணும் தொடாதீங்க. மூணு வேளையும் நானே அளந்து வெச்சுடறேன்.” சின்னத் தராசு ஒன்று வாங்கினாள். சாதம் இவ்வளவு, கீரை இவ்வளவு, தோசை இத்தனை என்று சொல்லுவாள். நான் பதிவு செய்வேன். உணவகத்தில் ஒரு துண்டு ரொட்டியைக்கூட நான் வாயில் போடவில்லை. நம்புங்கள், அதுவரைக்கும் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

ஒரு மாதம் போனது. எடை அப்படியே இருந்தது. படியை ஒன்று இறக்கி லைட்லி ஆக்டிவ் ஆனேன். சோறு குறைந்தது. அதற்கடுத்த மாதம் எடை மெஷினில் ஏறினால் முள் கொஞ்சம் மேலே போயிருந்தது. காசியிடம் சொன்னேன்.

“நின்னுகினு இருந்தா கொழுப்பு கரையும்னா, பீச்சாண்ட கீற சிலைங்கோல்லாம் ஒல்லியா ஆயிருக்கணுமே” என்றார் அவர். பிறகு, நான் சிரிக்கவில்லை என்று கண்டு, “வீட்ல இன்னா துன்ற?” என்று கேட்டார். சொன்னேன். “அவ்ளோதானா? அப்ப அந்த மிசின் தப்புப்பா” என்றார்.

மனத்தாங்கலோடு செடண்டரிக்கு இறக்கினேன். ஈப்போவில் கால் நரம்பு புடைத்துக்கொள்ளும் வரை நின்றவன், இங்கே வந்தும் நிற்கிறவன், கடைசியில் நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்திருக்கிறவனோடு ஒரே வரிசையில். மத்தியானம் அனல் முகத்தில் அடிக்கும்போது கண் இருட்டும். சுவரில் கை வைத்துக்கொள்வேன். கண்ணாடிக்கு அப்பால் யாரோ என்னைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், கை தன்பாட்டில் மாவை வீசும். ஒருநாள் அப்படி நிற்கும்போதுதான் எனக்குத் தோன்றியது, இந்த இடத்திலிருந்து நான் வெளியே வர ஒரு வழியும் இல்லை என்று. எடை குறையாவிட்டால் இயந்திரத்தோடு கட்டிப் போட்டபடி அவளும், அவளோடு நானும். குறைந்தால் என்னைக் கிழித்து எடுப்பார்கள். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனித்திருக்க வேண்டும். வாணியின் சமையல் நாளுக்கு நாள் ருசியாகிக்கொண்டே போனது. கீரை வழுவழுவென்று தொண்டையில் இறங்கும். பொடி தடவிய தோசை மணக்கும். பசிக்கிறவனுக்கு எதுவும் ருசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க எண்ணெயில் கை வைத்தவனுக்கு அது தெரியாமல் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை உணவகத்தில் கேஸ் கசிவு என்று அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்து உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தேன். மாடிப்படி ஏறும்போதே மிக்ஸி சத்தம். சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். வாணி மிக்ஸியிலிருந்து வெள்ளையாக எதையோ வழித்துக் கீரைச் சட்டியில் போட்டாள். முந்திரியும் தேங்காயும் அரைத்த விழுது. அதன் மேல் நெய்யை இரண்டு கரண்டி விட்டுக் கிளறினாள். அவள் கீரையே தொடக்கூடாது, மருத்துவர் தடுத்திருந்தார். அந்தச் சட்டி எனக்கானது.

என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சீக்கிரம் வந்துட்டீங்க.”

“என்ன வாணி இது?”

“நின்னுட்டே வேல பாக்கறீங்க. தெம்பு வேணாமா?”

“எவ்வளவு நாளா?”

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அன்று இயந்திரத்துக்குப் போகாத நாள். முகம் உப்பியிருந்தது, மூச்சு இழுத்தது. நானும் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபம் சின்னதில்லை. அத்தனை நாள் பசித்த பசியெல்லாம் கோபமாக மாறியிருந்தது.

“அண்ணனுக்கு சுகர் இருக்கு, குடுக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரே, அன்னிக்கு அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“நான் பாத்தேன். ஒரு செகண்ட், அப்பாடான்னு ஒண்ணு வந்துட்டுப் போச்சு. எனக்கு அவன்மேல கோவமே இல்லங்க. யாருக்கும் அப்படித்தான் வரும். உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு வழி இருக்கட்டும்னு நெனச்சேன். எடை குறையலன்னா அது உங்க தப்பு கிடையாது. யாரும் உங்கள ஒரு வார்த்த கேக்க முடியாது.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

“எனக்காக ஊர விட்டாச்சு, கடைய வித்தாச்சு. இதையும் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் இங்கயேதான். நான் செத்தாலாவது நீங்க திரும்பிப் போகலாம்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மறுநாள் பால் எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. முள் இறங்காத ஒவ்வொரு முறையும் எனக்குள்ளேயும் ஏதோ ஒன்று மெல்ல மூச்சு விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். நான் ஆப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கீழே தெருவில் பழைய பேப்பர் வாங்குகிறவர் கூவிக்கொண்டு போனார். “நாளைலேருந்து நான் சமைக்கிறேன். உனக்கும் எனக்கும்” என்றேன்.

“யோசிச்சுட்டுச் சொல்லுங்க.”

“பயமாத்தான் இருக்கு வாணி. பயத்தோடயே செய்றேன்லா.”

அந்த ‘லா’ தானாக வந்துவிட்டது. இங்கே வந்தபிறகு நான் விட்டுவிட்ட ஈப்போப் பேச்சு. அதைக் கேட்டு அவள் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஆலோசகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், வாணியை விட்டுக்கொடுக்காமல். சமையலில் எண்ணெய் கணக்கில் வரவில்லை என்று மட்டும். எந்தப் படியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டேன். “நிக்கறதுக்கு லைட்லி ஆக்டிவ் போதும் சார். செடண்டரில வெச்சு மயக்கம் போட்டு விழாதீங்க. இது எல்லாமே ஒரு ஊகம்தான். ரெண்டு மூணு வாரம் உங்க எடை என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு கூட்டியோ கொறச்சோ வெச்சுக்கலாம்” என்றாள். அவ்வளவுதான் விஷயம். அதற்காக நான் மூன்று மாதம் என் மானத்தைப் பணயம் வைத்துப் போராடியிருக்கிறேன்.

காலையில் எழுந்து இரண்டு அடுப்பிலும் சமைத்தேன். அவளுக்குக் காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, உப்பில்லாமல். எனக்கு எண்ணெயைக் கரண்டியால் அளந்து. எடை இறங்கியது, மெதுவாக, பிடிவாதமாக. மழைக்காலம் முடிவதற்குள் மருத்துவர் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டேன்.

நான் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் ஓர் அனுமதிக் குழுவுக்கு முன்னால் போய் உட்கார வேண்டியிருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, பணம் கைமாறவில்லை, நாங்கள் உண்மையிலேயே கணவன் மனைவிதான் என்று அவர்கள் நம்ப வேண்டும். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஓர் அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “உங்க மனைவிக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?” என்றார்.

“தண்ணி சார்.”

“சாப்பாட்டுல கேக்கறேன்.”

“சாப்பாட்டுலயும் தண்ணிதான் சார்.”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். நான் விளையாடுகிறேன் என்றோ, பதில் தெரியாமல் மழுப்புகிறேன் என்றோ நினைத்திருக்க வேண்டும். பிறகு அங்கே இருந்த ஒரு டாக்டர் அம்மா மெல்ல, “சரியாத்தான் சொல்றார்” என்றார். வெளியே வந்ததும் வாணியிடம் அவர்கள் என்ன கேட்டார்கள் என்றேன். “நீங்க என்ன வேலைன்னு கேட்டாங்க. நிக்கற வேலைன்னேன்” என்றாள்.

இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. வலித்தது, வலி குறைந்தது. மூன்றாவது நாள் சக்கர நாற்காலியில் என்னை அவள் அறை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், உள்ளே விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் அவளை வற்புறுத்திக்கொண்டிருந்தாள், இன்னும் குடிங்க, இன்னும் குடிங்க என்று. வாணி தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். நடுவில் நிறுத்தி, பாட்டிலைப் பார்த்தாள். மறுபடி குடித்தாள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போகலாம் என்று சைகை காட்டினேன்.

இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திரத்தின் இடத்தில் மாத்திரைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நேரம் தவறக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது, கூட்டத்துக்குப் போகக்கூடாது, அந்த மருத்துவமனையை விட்டு அதிக நாள் விலகக்கூடாது. சில மாதம் என்னை உணவகத்தில் கல்லாவில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் வந்துவிட்டேன். வாணி சொன்னது சரிதான். இனி இங்கேதான். அதை நான் தெரிந்துதான் கொடுத்தேன். இருந்தாலும், தெரிந்து நுழைந்த அறை என்பதால் அதில் ஜன்னல் வந்துவிடாது.

போன தேர்தலின்போது அவளோடு ஓட்டுச்சாவடிக்குப் போனேன். தெருமுனையில் இருக்கிற கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். அவள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். நான் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், வேப்பமர நிழலில் ஒதுங்கினேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து, “இன்னா சார், லைன்ல நிக்காம ஓரமா நின்னுகினு கீறீங்க?” என்றார்.

“எனக்கு ஓட்டு இல்லைங்க.”

“லிஸ்ட்ல பேரு உட்டுப்போச்சா? அதோ அந்த டேபிளாண்ட கேளுங்க, பாத்துச் சொல்வாங்க.”

“நான் மலேசியாக்காரன்.”

“மூஞ்சப் பாத்தா அப்டித் தெர்லயே” என்றார் அவர், நம்பாமல்.

இங்கே வாழலாம், வேலை செய்யலாம் என்று எனக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓட்டு மட்டும் இல்லை. ஈப்போவில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டு தேர்தலாக அங்கே யாரும் என் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

வரிசை நகர்ந்தது. நடக்கும்போது வலது அடிவயிற்றில் கையை வைத்துக்கொள்வது வாணிக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அங்கேதான் அதை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அப்படியே கை வைத்தபடி கயிற்றைத் தாண்டி, படியேறி, வகுப்பறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் மை வைத்த விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“யாருக்குப் போட்ட?” என்று கேட்டேன்.

“அத வெளியாளுகிட்டச் சொல்லக் கூடாது” என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.